கதவைத் திறந்துவிட்டுக் கேளுங்கள்

கேள்வி: 'குணா' படத்தில் கடத்தப்பட்ட பெண்ணே கடத்தியவனைக் காதலிக்கிறாளே, அது காதல்தானா?
– கல்லூரி மாணவி, திருச்சுழி

பதில்: 1991-இல் சந்தானபாரதி இயக்கத்தில் வந்த நல்ல படம் அது. கமல்ஹாசன் நடித்த குணா மனநலம் பாதிக்கப்பட்டவன். அவன்மேல் அவளுக்குச் சுரக்கும் இரக்கம் உண்மையானது. ஆனால் இரக்கம் வேறு, சம்மதம் வேறு. உங்கள் கரிசல் பக்கம் கட்டுத்தறி மாடு தட்டை போடுகிற கையை நக்கும். அதற்காகக் கயிற்றை அது கேட்டு வாங்கியது என்போமா?

1973-இல் ஸ்டாக்ஹோம் நகர வங்கி ஒன்றில் ஆறு நாள் பிணையாக இருந்தவர்களும் தங்களை அடைத்தவர்களுக்குப் பரிந்து பேசினார்கள். பிழைத்திருக்க மனம் தேடும் வழி அது. அடைபட்டவர் மேல் குற்றமில்லை, அடைத்தவர் மேல்தான். பயத்தில் தரும் சம்மதம் சம்மதமே அல்ல என்று நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவும் சொல்கிறது.

கதை எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள்: முதலில் கதவைத் திறந்துவிடுங்கள். அவள் வீடு போய்ச் சேரட்டும். 'வேண்டாம்' என்று சொல்லப் பயமில்லாத இடத்தில் நின்று அவள் 'வேண்டும்' என்றால், அன்றைக்கு அதைக் காதல் என்று எழுதுங்கள்.