ஃபேனை நிறுத்தினாலும் எழவில்லை!

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் பையன் ராத்திரி கொட்டக் கொட்ட முழித்திருக்கிறான். காலையில் ஃபேனை நிறுத்தினாலும் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறான். இது சோம்பேறித்தனம்தானே?

பதில்: இல்லவே இல்லை அம்மா! பருவ வயதில் உடம்புக்குள் ஓடும் கடிகாரமே ஓரிரு மணி நேரம் பின்தங்கிவிடும். தூக்கத்துக்குத் தாம்பூலம் வைத்து அழைக்கும் மெலடோனின் உங்களுக்குச் சீக்கிரமே சுரந்துவிடும், அவனுக்குத் தாமதமாகத்தான். அவன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இதற்காகவே கலிஃபோர்னியாவில் 2022 முதல், பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. நம் பிள்ளைகளோ விடியுமுன்பே டியூஷனுக்கு சைக்கிள் மிதிக்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ராத்திரி செல்போன் ஹாலிலேயே சார்ஜ் ஏறட்டும். காலையில் ஃபேனை விட்டுவிட்டு ஜன்னலைத் திறங்கள். அந்தக் கடிகாரத்தை முன்னே நகர்த்துவது வெயில் வெளிச்சம்தான்.