மெஷின் மாமி

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு மெஷின் மாமி நிச்சயம் உண்டு. எம்பிராய்டரி, குரோஷே, தஞ்சாவூர் ஓவியம் என்று எல்லாவற்றிலும் கரை கண்டவர். அதாவது, அவற்றுக்கான சாமான்கள் எந்தக் கடையில் என்ன விலை என்பதில் கரை கண்டவர். இப்போது மாமியின் கடைக்கண் பட்டிருப்பது ஃபெல்டிங் மெஷின்மேல்.

"தெரியுமோ, இதுல நூலே கிடையாது, பாபினும் கிடையாது!" என்று லிஃப்டில் மடக்குவார். நாலாவது மாடி வருவதற்குள் பாடம் முடிந்துவிடும். பார்த்தால் தையல் மெஷின் மாதிரியேதான் இருக்குமாம். ஆனால் ஓர் ஊசிக்குப் பதில் ஒரு கொத்து. ஊசிக்குக் காது இல்லை. பக்கவாட்டில் பொடிப்பொடியாக முள். அடியில் துணி, அதன்மேல் சாயம் ஏற்றிய கம்பளிப் பஞ்சு. ஊசிகள் குத்தக் குத்த, முள்ளில் மாட்டிய இழைகள் துணிக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். தைக்காமலே பூவும் கொடியும் துணியோடு ஒட்டிவிடும். விளக்கும்போது மாமியின் ஐந்து விரல்களும் ஊசிகள். துணி, எதிரே நிற்பவரின் தோள்.

"அப்போ வாங்கிட வேண்டியதுதானே மாமி?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஜனோம் மெஷினின் 5 ஊசி போதும் என்று திங்கட்கிழமை முடிவாகும். பேபி லாக்கில் 12 ஊசி இருக்கிறதே, பெரிய பூவைச் சட்டென்று நிரப்பிவிடலாமே என்று புதன்கிழமை மனசு மாறும். வெள்ளிக்கிழமை வேறு கவலை. துணியை வெடுக்கென்று இழுத்தால் ஊசி ஒடியும்; ஒடிந்தால் மாற்று ஊசிக்கு எங்கே போவது? சௌகார்பேட்டையில் விசாரித்தார். கடைக்காரர் ஊசியின் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நூலை எங்கம்மா கோக்கறது?" என்றாராம். அந்தக் கடை அன்றோடு மாமியின் பட்டியலிலிருந்து நீங்கியது.

சாதாரணத் தையல் மெஷினிலேயே மாட்டிக்கொள்ளும் ஃபெல்டிங் உபகரணமும் உண்டு. பாபின் கேஸைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டால் ஆயிற்று. ஆனால் வீட்டிலிருக்கும் உஷா மெஷின்மேல் மாமாவின் மாத்திரை டப்பா, பழைய பஞ்சாங்கங்கள், ரிப்பேருக்குப் போகாத மிக்ஸி ஆகியவை குடியிருக்கின்றன. அவற்றைக் காலி செய்ய யாருக்கும் துணிவில்லை.

"கையாலயே குத்தலாமேம்மா. 38ஆம் நம்பர் ஊசி, ஒரு ஸ்பாஞ்ச், அவ்வளவுதானே?" என்றாள் மருமகள். மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கையால குத்தறதுக்கா நான் மெஷினைப் பத்தி இத்தனை படிச்சேன்?"

சென்னை வெயிலில் கம்பளிப் பூ எதற்கு என்ற கேள்விக்கும் பதில் தயார்: பட்டுத் துண்டையும் குத்தலாமாம். என்னைக் கேட்டால், மெஷின் வராமலிருப்பதே நல்லது. வந்தால் அடிக்கடி ஊசித்தட்டைக் கழற்றிப் பஞ்சுத் தூசியைத் துடைக்க வேண்டும். லிஃப்டில் பேசவும் விஷயம் இருக்காது.

போன மாதம் ஒரு விபத்து. பத்ரிநாத் யாத்திரைக்கு வாங்கிய அசல் கம்பளி ஸ்வெட்டரை மாமா வாஷிங் மெஷினில் போட்டு, வெந்நீர் பொத்தானையும் தட்டிவிட்டார். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு விடவே விடாது. வெளியே வந்த ஸ்வெட்டர், பேரனுக்கே இறுக்கிப் பிடிக்கும் அளவில் இருந்தது. மாமி திட்டவில்லை. தடவினார், திருப்பினார், கத்தரியால் ஓரத்தை வெட்டினார். ஓர் இழைகூடப் பிரியவில்லை. முதல்தர ஃபெல்ட்!

மாமாவுக்குத் தைரியம் வந்தது. "அப்போ ஆத்துலயே மெஷின் இருக்கேடி!"

"இது டாப் லோடாச்சே," என்றார் மாமி, மூக்குக்கண்ணாடியைத் தேடியபடி. "ஃப்ரன்ட் லோடுல எப்படி வரும்னு பாக்க வேண்டாமா?"