இரண்டாம் செவ்வாய்க் கோட்பாடு: தாமிரபரணிக் கரையில் ஒரு பெரும்பட ஆய்வு

பெரும்படம் என்பது யாது என்ற வினாவுக்கு இதுகாறும் விடை சொன்னவர்கள் மூவர்: சுவரொட்டி அடிப்பவர், யூடியூபில் கத்துபவர், எதிரணி ரசிகர். முதலாமவருக்கு எல்லாப் படமும் மாபெரும் வெற்றி; பசை காயுமுன்பே வெற்றி. இரண்டாமவருக்கு ஒரு படத்தைத் தலையில் வைத்து ஆடவேண்டும், இல்லையேல் காலில் போட்டு மிதிக்கவேண்டும். மூன்றாமவர் காலி நாற்காலிகளைப் போட்டோ பிடித்து வைத்திருக்கிறார். தணிக்கை செய்த வசூல் கணக்கு இங்கே பொதுவில் வைக்கப்படுவதில்லை என்பதால், இம்மூவர் சொல்லும் கோடிகளும் சம மதிப்புள்ள பாடபேதங்களே. ஆகவே ரூபாயை விட்டுவிட்டு ஆளை எண்ணுவது என்று இக்கட்டுரை துணிகிறது.

ஆய்வுக்களம், விநியோகஸ்தர்கள் 'டி.கே.' என்று சொல்லும் திருநெல்வேலி–கன்னியாகுமரி ஏரியா. சென்னை சிட்டி, என்.எஸ்.சி., கோவை, சேலம், எம்.ஆர்., டி.டி. என்று மாநிலத்தைக் கூறுபோட்டுக்கொண்டே தெற்கே வந்து, கடைசியில் மிஞ்சியதற்கு வைத்த பெயர் மாதிரி இருக்கும். சிறிய ஏரியா என்பதுதான் இதன் சிறப்பு. சென்னையில் எந்தப் படத்துக்கும் ஒரு கூட்டம் தேறிவிடும். இங்கே யார் வரவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

தொல்காப்பியர் வழியில் முதல், கரு, உரி எனப் பகுத்துக்கொள்வோம். முதற்பொருளில் நிலம் சொல்லியாயிற்று. பொழுதில் ஒரு சிக்கல். தீபாவளி, பொங்கல், சித்திரை என்று வெளியீட்டுத் தேதியைக் குறிப்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். தாமிரபரணிக்காரனின் பொழுது கார், பிசானம் என்னும் இரண்டே. கார் அறுத்துக் கைநிறையும் காலத்தில் தீபாவளிப் படம் வந்தால் வீட்டோடு கிளம்பலாம். பொங்கலுக்கோ பிசான நெல் இன்னும் வயலில் நிற்கிறது. உரக்கடைக்காரரைப் பார்த்தால் ஒதுங்கிப்போகும் நேரம். அதே நெல் அறுவடையாகி, பள்ளிக்கூடமும் அடைக்கும் சித்திரைதான் இவ்வட்டாரத்துக்கு வாய்த்த பொழுது. 'மக்கள் ரசனை மாறிவிட்டது' என்று பேசும் தயாரிப்பாளர்கள் பாபநாசம் அணையில் எப்போது தண்ணீர் திறந்தார்கள் என்று ஒருமுறை விசாரிக்கலாம்.

கருப்பொருளில் ஒரு காலத்தில் தலையாயது பெட்டி. பிலிம் சுருள் அடங்கிய தகரப்பெட்டி ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து இறங்கும். மாலை போட்டு, சூடம் காட்டி, மேளத்தோடு தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு தியேட்டருக்கு ஒரே பெட்டி என்றால் ரீல் ஒவ்வொன்றாக சைக்கிளில் ஓடும். வரத் தாமதமானால் ஸ்லைடு போட்டு ஒப்பேற்றுவார்கள். இன்று படம் சர்வரில் ஏறிவிடுகிறது. கடன் பாக்கி தீர்ந்து 'கீ' வந்தால் திறக்கும். வராவிட்டால் 9 மணிக் காட்சி 11 மணி ஆகும். கீக்கு மாலை போட வழியில்லை. கட்-அவுட் இவ்வளவு உயரத்துக்குப் போனதன் காரணம் இதுவே என்பது எம் துணிபு. மாலை போட ஏதாவது ஒன்று வேண்டுமல்லவா?

அந்த உயரமும் ஆய்வுக்குரியது. 2025 ஏப்ரல் 6 அன்று திருநெல்வேலியில், 'குட் பேட் அக்லி' படத்துக்காக 200 அடிக்கு மேல் எழும்பிக்கொண்டிருந்த அஜித் கட்-அவுட், படம் வர நாலு நாள் இருக்கையில் சரிந்து விழுந்தது. கீழே நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள். 10-ஆம் தேதி படம் வந்தது, கூட்டமும் வந்தது. 2019-இல் திருத்தணியில் 'என்.ஜி.கே.'வுக்காக 215 அடி உயரத்தில் சூர்யா நின்றார். அனுமதியில்லை என்று அதிகாரிகள் இறக்கிவிட்டார்கள். படமும் அதிக நாள் நிற்கவில்லை. விழுந்தது ஓடியது, நின்றது விழுந்தது. ஆக, கட்-அவுட் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை; சாரம் கட்டியவரைப் பற்றி வேண்டுமானால் சொல்லும்.

உரிப்பொருள், டிக்கெட் கிடைத்தலும் கிடைத்தல் நிமித்தமும். முதல் நாள் கூட்டத்தை ஆய்வில் சேர்க்கக்கூடாது. ரசிகன் ஒரு மாறிலி. நல்ல படத்துக்கும் வருவான், மோசமான படத்துக்கும் வருவான். டிரெய்லருக்கே திருநெல்வேலி ராம் முத்துராம் சினிமாஸில் திருவிழா நடத்திக் காட்டியவனுக்குப் படம் ஒரு சாக்கு. கணக்கெடுக்கவேண்டிய நாள் இரண்டாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை. வெள்ளி ரசிகனுக்கு, சனி ஞாயிறு விடுமுறைக்கு. 'செவ்வாய் வெறுவாய்' என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போடும் ஊரில் அன்றைக்கு ஒருவர் படத்துக்குக் கிளம்புகிறார் என்றால், படம்தான் அவரைக் கிளப்பியிருக்கவேண்டும்.

இதை அளக்கும் கருவி டிக்கெட் கவுண்டரில் இல்லை, வண்டி ஸ்டாண்டில் இருக்கிறது. முதல் நாள் அங்கே மூன்று பேர் ஏறிய பல்சர்கள்; சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடுவான்கள். இரண்டாம் செவ்வாய் மாலைக் காட்சிக்கு ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வருகிறது. முன்னால் பிள்ளை நிற்கிறது. பின்னால் மனைவி, அவர் மடியில் முறுக்குப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலும். காலையில் வாழைத்தார் கட்டிய கயிறு கேரியரிலிருந்து இன்னும் அவிழ்க்கப்படவில்லை. சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வருகிறவர். டோக்கனை மடித்து வேட்டி மடிப்பில் சொருகி, இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். ஸ்டாண்டுக்காரர் சொல்கிறார்: "எக்ஸ்.எல். வர ஆரம்பிச்சிட்டுல்லா அண்ணாச்சி, இனி இது ஓடும்." விநியோகஸ்தர் சங்கத்தில் இதற்கிணையான கருவி இருப்பதாகத் தெரியவில்லை.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முதல் இழுப்புக்கு இளவட்டங்கள் போதும். நாலு ரதவீதியும் சுற்றி நிலைக்கு வர, வேடிக்கை பார்க்க வந்தவரும் வடத்தில் கைவைக்க வேண்டும். 2024-இல் வடமே அறுந்தது. மாற்று வடம் வந்தது, தேர் நகர்ந்தது. புறப்பட்ட படங்கள் ஏராளம். நிலைக்கு வந்தவற்றை மட்டுமே யாம் பெரும்படம் என்போம்.

உலகச் சான்றும் உண்டு. 1975-இல் அமெரிக்காவில் 'ஜாஸ்' 400-க்கு மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில் இறங்கி, விளம்பரத்தால் கூட்டம் சேர்க்கும் வித்தையைக் கற்றுத் தந்தது. அதே ஆண்டு இந்தியாவில், பெரிய நட்சத்திரம் எவரும் இல்லாத 'ஜெய் சந்தோஷி மா' படத்துக்குப் பெண்கள் செருப்பை வெளியே விட்டு உள்ளே போய், திரையை நோக்கிக் காசு எறிந்தார்கள். அவர்களில் எவருக்கும் ரசிகர் மன்றம் கிடையாது.

நம் காலச் சான்று 2022 செப்டம்பர் 30-இல் வந்த 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடரை பைண்டு செய்து வைத்திருந்த வீட்டு ஆச்சிமார், தியேட்டரை மறந்தே போயிருந்தவர்கள், முழங்கால் வலியோடு படியேறினார்கள். இடைவேளையில் அவர்கள் பேசியது எந்த அத்தியாயத்தை விட்டுவிட்டார்கள் என்பதைத்தான். நந்தினியைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. குறை சொல்லவே ஒரு கூட்டம் காசு கொடுத்து வருமானால், அப்படத்துக்கு வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

இக்கோட்பாட்டுக்கு இரண்டு தடைகள் உண்டு. நாலு வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிடுவதால், "வீட்டுக்கே வருதாம்லா, எதுக்கு அலையணும்" என்று ஆச்சிமார் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வாரம் ஏற ஏறத்தான் தம் பங்கு கூடும் என்றிருக்கும் தியேட்டர்காரர்கள் ஓடிடிக்கு முன் எட்டு வாரம் கேட்பது இந்தச் செவ்வாய்க்காகத்தான்.

மற்றது எல்லைச் சிக்கல். 2023 பொங்கலுக்குப் பிறகு இங்கே அதிகாலைக் காட்சி போய், முதல் காட்சி 9 மணி என்றானது. அவ்வாண்டு அக்டோபர் 19-இல் 'லியோ' வந்தபோது கேரளத்தில் 4 மணிக்கே காட்சி. களியக்காவிளை தாண்டிப்போய் விடியுமுன் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி 9 மணிக் காட்சிக்கு நின்றவனுக்குக் கதை முழுக்கத் தெரியும். விசிலும் முன்கூட்டியே அடிப்பான். டி.கே. ஏரியாக்காரனான அவன் கொடுத்த முதல் டிக்கெட் காசு கேரளக் கணக்கில் விழுந்துவிட்டது. இரண்டாவது டிக்கெட்டை முதல் நாள் கூட்டத்தில் வைப்பதா, மறுமுறை பார்த்தோர் வரிசையில் வைப்பதா என்பது ஆய்வில் உள்ளது. ஸ்டாண்டுக்காரரிடம் கேட்டோம். அவனுடைய வண்டியில் பெட்ரோல் இல்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தான் என்ற தகவல் மட்டும் கிடைத்தது.