இருதலை நாயும் எட்டுக் கால்சட்டையும்: லூட் வடிவமைப்பியலில் ஒரு மறுவாசிப்பு

ஆய்வின் நோக்கம்: இணைய விளையாட்டுகளில் பாஸ் எனப்படும் பெரிய அரக்கன் செத்து விழுந்ததும் கிடைக்கும் லூட்டை இனி எப்படி வடிவமைப்பது என்று ஆராய்தல். ஆய்வின் களம்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். ஆய்வின் எல்லை: ஒரு நாய். ஆய்வின் தேவை: இல்லை. ஆனால் தேவை பற்றி ஒரு பத்தி இல்லாத ஆய்வேட்டை எந்தப் பல்கலைக்கழகமும் வாங்கி வைப்பதில்லை. அந்தப் பத்தி இதுதான்.

முன்னாய்வுகள்: இத்துறையில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை. இப்படி எழுதிவிட்டால் நிகழ்ந்தவற்றைப் படிக்கும் வேலை மிச்சம்.

லூட் நிறத்தால் ஆறு வகைப்படும். சாம்பல்: கடையில் விற்பதற்கு. வெள்ளை: அதுவும் விற்பதற்கு. பச்சை: புதிதாக வந்தவனுக்குச் சந்தோஷம். நீலம்: பரவாயில்லை. ஊதா: இதற்காகத்தான் ராத்திரி இரண்டு மணிவரை கண்விழிக்கிறார்கள். ஆரஞ்சு: பக்கத்து கில்டுக்காரனுக்கு, அதாவது வேறு குழுவில் ஆடுபவனுக்கு, கிடைப்பது. வகைப்பாட்டியல் முற்றிற்று.

இனி நாய்க்கு வருவோம்.

மோல்டன் கோர் என்பது எரிமலைக் குழம்பு ஓடும் ஒரு குகை. விளையாட்டு வெளிவந்த 2004 நவம்பரிலிருந்தே அது இருக்கிறது. அந்தக் காலத்தில் 40 பேர் கூடிப் போனால்தான் காரியம் நடந்தது. உள்ளே பத்து பாஸ்கள். கடைசி ஆள் ராக்னராஸ். தொடக்கத்திலேயே எதிர்ப்படுவது மாக்மடார்: தலை இரண்டு, கால் நான்கு, உடம்பெல்லாம் நெருப்பு. இதைக் கொன்றால் கால்சட்டை விழும்.

யாரோ தவறவிட்டுப்போன கால்சட்டை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் குகையில் கிடைக்கும் டயர்-1 எனப்படும் முதல் படிக் கவச செட்டில் தலைக்கவசம் கார் என்ற கல் பூதத்திடம் இருக்கும். மார்க்கவசம் கோலமாக் என்ற பாஸிடம் இருக்கும். கால்சட்டை மட்டும், ஆட்டத்தின் இரண்டு தரப்புகளில் எதை எடுத்தாலும் அன்று அதிலிருந்த எட்டு வகுப்பினருக்குமே, இந்த நாயிடம். வாரியருக்கு இரும்பில், ஹண்டருக்குச் சங்கிலியில், ப்ரீஸ்ட்டுக்கு வெறும் துணியில். நாய்க்கு எதற்கு இத்தனை கால்சட்டை? 20 ஆண்டுகளாக இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் கவசத்தை மட்டும் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதைப் பற்றி மூன்று கொள்கைகள் வழங்குகின்றன.

முதலாவது விழுங்கல் கொள்கை. முன்பு வந்த வீரர்களை நாய் விழுங்கியது, செரிக்காதது வயிற்றில் தங்கியது என்பர். அது பொருந்தாது. ஆளை விழுங்கியிருந்தால் செருப்பும் தொப்பியும் அல்லவா சேர்ந்து விழ வேண்டும்? செருப்பைக் கடிக்காமல் விட்ட நாய் உலகத்தில் உண்டா? மேலும், குழம்பாய்க் கொதிக்கும் வயிற்றில் ப்ரீஸ்ட்டின் துணிக் கால்சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது எப்படி? அது மந்திரத் துணி என்று விடை கூறுவாரும் உளர். விடை தெரியாத இடத்தில் நாம் 'மேலாய்வுக்குரியது' என்று எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இரண்டாவது பதுக்கல் கொள்கை. எஜமானன் ராக்னராஸுக்காக நாய் கால்சட்டைகளைக் காவல் காக்கிறது என்பது இதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மோல்டன் கோரில் ராக்னராஸுக்குக் கால் கிடையாது. குழம்பிலிருந்து இடுப்புக்கு மேல்தான் எழும்புவான். அப்படிப்பட்டவனைக் கொன்றாலும் அடுத்த செட்டுக்கான கால்சட்டைதான் விழுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். 2011-ல் ஃபயர்லேண்ட்ஸ் என்ற புதுக் களம் வந்தது. ஹீரோயிக் எனும் கடின முறையில் ஆடியவர்கள் முன்னால் அவன் குழம்பிலிருந்து எழுந்து நின்றபோதுதான் காலைக் கண்ணால் பார்த்தார்கள். கால்சட்டை முந்தியது, கால் பிந்தியது என்று காலநிரல் இதனால் உறுதிப்படுகிறது. தரவுக்கு முன்பே முடிவைத் தைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆய்வாளர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

மூன்றாவது அணிதல் கொள்கை. சரியானதும் இதுவே, ஏனென்றால் என்னுடையது. மாக்மடாரைத் தோலுரிக்கலாம், உரித்தால் கோர் லெதர் கிடைக்கும். ஆனால் விளையாட்டின் விதிப்படி லூட் முழுவதையும் எடுத்து முடித்த பிறகுதான் தோலில் கத்தி வைக்க முடியும். ஆகவே கால்சட்டை தோலுக்கு வெளியே இருந்தது. தோலுக்கு வெளியே இருப்பதை உடுத்தியது என்கிறோம். ஒரு கொலைக்கு விழுவதும் எட்டும் அல்ல, ஒன்றிரண்டுதான். நான்கு காலுக்கு இரண்டு கால்சட்டை. கணக்கு நேராகிறது. ஒன்றே ஒன்று விழுந்த வாரங்களில் நாய் பின்னங்காலுக்கு மட்டும் உடுத்தியிருந்தது என்று கொள்க.

இதில் எனக்கு முன்னோடி ஒருவர் உண்டு, பெயர் கிடைக்கவில்லை. மைக்கை அணைக்க மறந்த, காயம் ஆற்றும் வேலையில் இருந்த ஒரு ஹீலர், வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது, 'நாய்தான் போட்டிருக்கும்' என்று சொன்னதாக வாய்மொழி மரபு. இரண்டாவது விசில் என்பது பாடபேதம். விசிலே இடைச்செருகல், அந்தக் காலத்து மைக்குக்கு அவ்வளவு கேட்கும் திறன் கிடையாது என்பார் ஒரு சாரார். குக்கரில் வெந்தது துவரம் பருப்பா பாசிப் பருப்பா என்பதில் ஒரே துறையைச் சேர்ந்த இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். பருப்பின் வகை தெரிந்தால் விசிலின் எண்ணிக்கை துணியலாம்; விசிலின் எண்ணிக்கை துணிந்தால் ஹீலரின் காலம் துணியலாம்; ஹீலரின் காலம் துணிந்தால் நிதி கேட்கலாம்.

(எருமைத்தலை டாரன் வாரியருக்கும் இடுப்புயரம்கூட வராத நோம் வாரியருக்கும் ஒரே காற்கவசம் தைத்ததுபோல் பொருந்துவது தனி ஆய்வுக்குரியது. அதை வேறொரு மாணவருக்குக் கொடுத்திருக்கிறேன்.)

'இதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்ற பத்தி இல்லாமல் கட்டுரை கரையேறாது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஓரிடத்தில் அது உண்மையாகவே பொருந்திவிடுகிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் வெட்சிப் படலத்தை எடுத்துப் பாருங்கள். கவர்ந்துவந்த ஆநிரையைப் பங்கிடுவதற்குப் 'பாதீடு' என்று ஒரு துறை. ஒற்றறிந்து வந்தவனுக்குக் கூடுதலாகத் தருவது 'புலனறி சிறப்பு'. நிமித்தம் பார்த்துச் சொன்னவனுக்குத் தருவது 'பிள்ளை வழக்கு'. காயத்துக்கு மருந்திட்டவனுக்கென்று மட்டும் அந்தப் படலத்தில் துறை இல்லை. இன்றும் ஹீலர்களின் புகார் அதுவேதான்.

1999-ல் வெளிவந்த எவர்குவெஸ்ட் விளையாட்டில் ஆஃப்டர்லைஃப் என்ற கில்டு இதே பாதீட்டுக்கு ஒரு கணக்குப் புத்தகம் போட்டது. வாக்ஸ், நாகஃபென் என்ற இரண்டு டிராகன்களைக் கொல்ல வந்தவர்களுக்கெல்லாம் புள்ளி. பொருள் வேண்டுமானால் புள்ளியைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். டிராகன் கில் பாயின்ட்ஸ், சுருக்கமாக டிகேபி. வேலை செய்தவனுக்குக் கூலி என்பதைவிட இதில் வருகைப் பதிவேட்டின் சாயல்தான் அதிகம். செத்துக் கிடக்கும் ஒன்றைச் சுற்றி நாற்பது பேர் நின்றுகொண்டு, அது யாருக்குச் சொந்தம் என்று விடிய விடிய வாதிடும் இந்த வழக்கம் விளங்காதவர்கள், சங்க நூல்களின் காலக் கணிப்பு பற்றிய கருத்தரங்கு ஏதாவதொன்றில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தால் போதும்.

சரி, வடிவமைப்பு. தண்டர்ஃப்யூரி என்ற ஆரஞ்சு வாளுக்கு இரண்டு காப்புகள் வேண்டும். ஒன்று காரிடம், மற்றது பேரன் கெடான் என்ற பாஸிடம். ஒவ்வொன்றும் நூற்றுக்கு மூன்று நான்கு தடவைதான் விழும் என்பது ஆடியவர்களின் கணக்கு. குகை வாரம் ஒருமுறைதான் திறக்கும். நான்கு சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 25 வாரம் விடாமல் போன 100 கில்டுகளில் 13-க்கு ஒரு காப்புகூடக் கண்ணில் படாது. பட்டாலும் 40 பேரில் எடுத்துக்கொள்பவர் ஒருவர். எடுத்தவரோடு அது ஒட்டிக்கொள்ளும். பிறகு மனம் மாறி யாருக்கும் கொடுக்க முடியாது. எத்தனை கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்தும் என்று ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-லேயே புத்தகம் போட்டுவிட்டார்கள். ஆக, லூட் வடிவமைப்பு என்பது வாளின் பிடியில் என்ன மணி பதிக்கலாம் என்பதல்ல. 39 பேரை வெறுங்கையோடு அனுப்பி, அடுத்த வாரமும் அதே 39 பேரைத் தாங்களாகவே வரவைப்பது. 2007-ல் வந்த பர்னிங் குருசேடில், கொன்றவர் எல்லோருக்கும் தலைக்கொரு பேட்ஜ், சேர்த்துவைத்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வழி பிறந்தது. நியாயமான ஏற்பாடு. நியாயத்தைப் பற்றிக் கதை சொல்ல ஒன்றுமில்லாததால், பேட்ஜ் வாங்கிய கதையை யாரும் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

பரிந்துரைகள்: மாக்மடாரிடம் இனிமேல் கழுத்துப்பட்டை விழட்டும், தலை இரண்டு என்பதால் ஜோடியாக. மோல்டன் கோர் ராக்னராஸுக்குக் கால் வரும்வரை அவனிடம் தோள்துண்டு. பத்து பாஸ்களில், சண்டை தோற்றதும் சரணடைந்து பெட்டியை வைத்துவிட்டுப் போகிற மேஜர்டோமோ ஒருவன்தான் முறையறிந்தவன். அவனிடம் ஒன்றையும் மாற்ற வேண்டாம். 39 பேருக்கும் மறுநாள் ஆபீசில் காட்டத் தலைவலிச் சான்றிதழ்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாக்மடார் விழுந்ததும் லூட்டில் கைவைக்காமல் ஒரு நிமிடம் பொறுத்து, பின்னங்காலின் இடுப்பளவை எடுத்து எனக்கு அனுப்புங்கள். அளவு என் கொள்கைக்குப் பொருந்தினால் கட்டுரையில் உங்கள் பெயர் வரும், என் பெயருக்கும் என் நெறியாளர் பெயருக்கும் அடுத்து. பொருந்தாவிட்டால் அனுப்ப வேண்டாம்.