பேய்க்குக் கால் உண்டா? திரைச்சான்றுகள் வழி ஓர் ஆய்வு

பேய்க்குக் கால் கிடையாது என்பது நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இருட்டில் எதிரே வருவது ஆளா, மற்றதா என்று சந்தேகம் வந்தால் காலைப் பார், தரையில் பாவவில்லையென்றால் நிற்காதே என்று பெரியவர்கள் ஒரு சோதனை முறையே வகுத்துத் தந்திருக்கிறார்கள். அதே பேய் தமிழ்ப் படத்துக்குள் நுழையும்போது முதலில் கேட்பது கொலுசுச் சத்தம். காலே இல்லாதவள் கொலுசை எதில் மாட்டியிருக்கிறாள்? தணிக்கைக் குழு இதைக் கேட்டதில்லை. கொலுசு செய்துகொடுத்த ஆசாரியும் கேட்டதில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் என்ற முறையில் நான் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் சொல்லாராய்ச்சி. பழந்தமிழில் ‘கால்’ என்றால் காற்று. கிராமத்தில் பேயைப் பேய் என்று சொல்லாமல் ‘காத்து கருப்பு’ என்பார்கள். ஆகக் கால்தான் காற்று, காற்றுதான் பேய். ‘பேய்க்குக் கால் இல்லை’ என்பதற்கு இந்தக் கணக்கில் உரை எழுதினால் ‘பேய்க்குப் பேய் இல்லை’ என்று வருகிறது. அதிலும் தப்பில்லை, நான் பார்த்த எந்தப் படத்திலும் ஒரு பேய் இன்னொரு பேயைக் கண்டு அலறியதில்லை. ‘கால்’ என்பதற்கு நாலில் ஒரு பங்கு என்றும் பொருள் உண்டு. பேய்ப்படத் தயாரிப்பாளர் பணப்பெட்டியைத் திறக்கும் இடத்தில் அது உதவும். அதுவரை ஓரமாக இருக்கட்டும்.

இலக்கியத்தைப் புரட்டினால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. காரைக்கால் அம்மையார் தம்மைக் காரைக்காற் பேய் என்று சொல்லிக்கொண்டவர். பேயின் பெயரிலேயே கால் இருக்கிறது பார்த்தீர்களா என்று ‘கால் உண்டு’ கட்சிக்காரர்கள் குதிப்பார்கள். (ஊர்ப்பெயரை உறுப்பாகக் கொள்ளலாமா என்று கேட்கக்கூடாது. ஆராய்ச்சி என்று இறங்கிவிட்டால் அதையெல்லாம் பார்க்க முடியாது.) ஆனால் அதே அம்மையார் கயிலைக்குப் போனது தலையால் நடந்து. கால் இருந்தும் பயன்படுத்தவில்லை என்று எதிர்க்கட்சி சாதிக்க இது போதும். கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் காட்டும் பேய்களுக்கோ பனங்காடு முழுவதையும் கைகாலாக வைத்தாற்போல அவ்வளவு நீளம். அவை சும்மா நிற்பதுமில்லை; போர் முடிந்த களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகின்றன. தமிழ்ப் பேய் ஆதியிலிருந்தே சமையல்காரி என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமையலறை மறுபடி திறந்தது 1978இல். விட்டலாச்சார்யா இயக்கிய ‘ஜகன்மோகினி’ தெலுங்கில் வந்து, தமிழ் பேசிக்கொண்டு நம் கொட்டகைகளுக்கும் வந்தது. நரசிம்மராஜு கதாநாயகன், ஜெயமாலினி மோகினி. கதையைக் கேட்டால் பார்த்தவர்களில் பாதிப்பேர் தடுமாறுவார்கள். அடுப்பைக் கேளுங்கள், ஒருவர் விடாமல் சொல்வார்கள். விறகுக்குப் பதில் பேய் தன் இரண்டு கால்களையும் அடுப்புக்குள் நீட்டுகிறது. கால்கள் கொழுந்துவிட்டு எரிகின்றன. மேலே சமையல் நடக்கிறது. பரணிப் பேய்கள் களத்தில் கிடந்த பொருள்களைத்தான் பொறுக்கி எடுத்தன. மோகினிக்கு அந்தச் சிரமமும் இல்லை, அடுப்புக்கு வேண்டியது இடுப்புக்குக் கீழேயே இருந்தது. கூர்ந்து கவனிக்க வேண்டியது, அதற்குப் பிறகு அவள் நொண்டவில்லை. எரிய எரியத் தீராத விறகு! புதுப்பிக்கத்தக்க எரிபொருள் பற்றிய நம் ஆவணங்களில் இந்தக் காட்சி இடம்பெறாதது அநியாயம்.

இப்படியொரு காட்சி யாருக்குத் தோன்றும்? விறகுக்கடைப் பாக்கியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவருக்குத்தான் தோன்றும். 1920இல் உடுப்பிப் பக்கம் பிறந்த விட்டலாச்சார்யா, சின்ன வயசிலேயே வீட்டை விட்டு அரசிகெரே வந்து, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, பிறகு அங்கே உடுப்பி ஓட்டல் நடத்தியவர். ஹாசன் பக்கத்தில் டூரிங் டாக்கீஸும் வைத்திருந்தார். ஓட்டலையும் கொட்டகையையும் சேர்த்து நடத்திய ஒரு மனிதர் கனவு கண்டால் அதில் கால் எரியாமல் வேறென்ன எரியும்? பயமுறுத்துவதற்கு எடுத்த காட்சி என்று விமரிசகர்கள் நினைக்கக்கூடும். எனக்கென்னவோ அது ஓட்டல்காரரின் பிரார்த்தனை என்றுதான் படுகிறது.

என் அப்பத்தாவும் அப்படித்தான் படித்தார். கொட்டகையே வாய்பிளந்து கிடந்தபோது, அவர் பக்கத்திலிருந்த அத்தையிடம், “நம்ம ஈர வெறக ஊதி ஊதிக் கண்ணு அவிஞ்சு போறோம். கொடுத்து வச்சவடி இவ” என்றார். பயந்ததாகத் தெரியவில்லை. மாமியார் மெச்சும் மருமகளாக ஒரு பேயை வேறு எந்த ஊர் சினிமாவும் காட்டியதில்லை என்பது என் துணிபு.

விட்டலாச்சார்யாவைப் பற்றிச் சினிமாக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. நடிகர் யாராவது கால்ஷீட்டில் தகராறு செய்தால், முனிவர் சாபத்தால் அவரைக் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டு மீதிப் படத்தை முடித்துவிடுவாராம். நிஜமோ பொய்யோ, இதில் ‘கால்ஷீட்’ என்ற சொல் நம் ஆய்வுக்கு முக்கியம். கால் தெரியும், ஷீட் என்றால் துணி. காலை மறைக்கும் துணி, அதாவது பேயின் வெள்ளைச் சேலை. ஆங்கிலம் படித்தவர்கள் வேறு பொருள் சொல்வார்கள். அவர்கள் டிராலி பிடித்து இழுத்தவர்கள் அல்லர்.

டிராலியில்தான் எல்லாம் இருக்கிறது. நடிகையை அதில் நிறுத்தி மெல்ல இழுத்தால் மிதந்து வருவாள். சக்கரத்தைச் சேலை மறைக்கும், சேலை மறைக்காததைச் சாம்பிராணிப் புகை மறைக்கும். கால் இல்லாத பேய் தயார். ஆனால் டிராலிக்கு வாடகை உண்டு, தண்டவாளம் போட ஆள் வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். பணம் இல்லாதவர் என்ன செய்வார்? காமிராவைத் தரையில் வைத்து ஒரு ஜோடிக் காலை மட்டும் எடுப்பார். கால் மட்டும் என்றால் கதாநாயகி வேண்டாம், அவருக்கு அன்றைய சம்பளம் வேண்டாம். கொலுசை மாட்டிக்கொண்டு உதவி இயக்குநரே நடந்துவிடலாம். ஓரமாக வைத்திருந்த மூன்றாம் பொருளை இப்போது எடுக்கலாம். முழுப் பணம் உள்ள படத்தில் பேய்க்குக் கால் இல்லை. கால் பணம் உள்ள படத்தில் கால் உண்டு. பணம் இன்னும் குறைந்தால் பேய் பொம்மைக்குள் புகுந்துகொள்ளும். 1991இல் வந்த ‘வா அருகில் வா’வில் அப்படித்தான் புகுந்தது, பொம்மைக்குப் படி அளக்கும் வழக்கம் கோடம்பாக்கத்தில் கிடையாது.

இந்த விதி நம்மோடு நிற்கிறதா, உலகத்துக்கும் பொருந்துமா? ஆக்டோபஸைத் தமிழில் பேய்க்கணவாய் என்பார்கள். பெயரிலேயே பேய் இருப்பதால் அதை ஆய்வு எல்லைக்குள் கொண்டுவர எனக்கு உரிமை உண்டு. 1955இல் அமெரிக்காவில் இரண்டு பேய்க்கணவாய்கள் திரைக்கு வந்தன. ஒன்று கடலிலிருந்து எழும்பி சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் பிடித்து உலுக்கியது. அதை உருவாக்கியவர் ரே ஹாரிஹவுசன்; பொம்மையை அணு அணுவாக அசைத்துப் படம் பிடிப்பதில் மேதை. அவருக்குக் கொடுத்த பணம் எட்டுக் காலுக்குக் காணவில்லை. ஆறு கால்தான் செய்தார். தண்ணீருக்கு மேலே ஒரே நேரத்தில் எத்தனை கால் தெரிகிறது என்று யார் எண்ணப்போகிறார்கள்? நான் எண்ணினேன். மற்றொன்று எட் வுட் எடுத்த ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’. அங்கே ரப்பர்க் கணவாய் கிடைத்தது, அதை அசைக்கும் மோட்டார் இல்லை. அதனால் அதனிடம் அகப்பட்டுச் சாக வேண்டிய மனிதர், தானே அதன் கால்களை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டு, ஐயோ விடு விடு என்கிறாற்போல் உருண்டார். கொல்கிற வேலையையும் சாகிற வேலையையும் ஒரே ஆள் பார்ப்பதைவிடச் சிக்கனம் உலக சினிமாவில் உண்டோ? அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் எனக்குக் கணவாய்மேல்தான் இரக்கம் வந்தது.

மற்ற தேசங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஹாங்காங்கின் ‘மிஸ்டர் வேம்பயர்’ (1985) பிணங்களுக்குக் கால் உண்டு, முட்டி மடங்காது. ஆகவே பாண்டி ஆடுவதுபோல் குதித்துக் குதித்து வருகின்றன. ஜப்பானில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்யோ பெயரைச் சொல்லிக் காலில்லாப் பேயைக் காட்டுவார்கள். அவர் வரைந்ததால் டிராலி வாடகைப் பிரச்சினை எழவில்லை. பம்பாயின் ராம்சே சகோதரர்கள் ‘புரானா மந்திர்’ (1984) படத்துக்கு அனிருத் அகர்வால் என்ற நெடிய மனிதரைப் பிடித்தார்கள். உயரம் அவர் கூடப் பிறந்தது, ஒப்பனைச் செலவில் சேராது. நம் ‘ஜகன்மோகினி’யை 2009இல் நமீதாவை வைத்துப் புதிதாக எடுத்தபோது கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வந்திருந்தது. ஜனங்கள் இன்றும் பேசுவது பழைய அடுப்பைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் ‘பேய்க்குக் கால் இல்லை’ என்று சாதிக்கிறவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தார்கள்? எந்தப் படம் என்பதைவிட எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது முக்கியம். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட். முன்னால் இருப்பவன் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பான். அவனுக்கு முன்னால் இருப்பவனும் அப்படியே. பின்னால் கிடந்த எனக்குத் திரையின் கீழ்ப்பகுதி கிடைத்ததே இல்லை. பேய்க்கு மட்டுமல்ல, எம்.ஜி.ஆருக்கும் கால் இல்லை. சில நாள் ஆபரேட்டர் பீடி பற்றவைக்கும் நேரத்தில் பிரேம் நழுவி, திரையின் உச்சியில் பாதங்களும் அடியில் தலையும் வரும். ஜனங்கள் விசிலடித்துக் கத்துவார்கள். எனக்கு அப்போது மட்டும்தான் பேயின் கால் முழுசாகத் தெரிந்தது. தலை கீழே, கால் மேலே, காரைக்கால் அம்மையார் போன வாக்கில்.

கள ஆய்வு ஒன்று பாக்கி. அன்று இரண்டாம் ஆட்டம் முடிந்து கண்மாய்க் கரையோடு வீட்டுக்கு வந்தோம். நான் முன்னால், அப்பத்தா பின்னால். பாதி வழியில் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றுபோனது. அப்பத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாரா, காலையே கழற்றிக்கொண்டாரா என்பதை ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு நேரடிச் சான்று கிடைத்திருக்கும். திரும்பத்தான் நினைத்தேன். “முன்னால பாத்து நடடா, கருவமுள்ளு கெடக்கு” என்று ஒரு குரல் வந்தது. அது அப்பத்தாவின் குரல் மாதிரிதான் இருந்தது.