பலகையா, கண்ணாடியா?

கேள்வி: வெயிலில் மின்சாரம் எடுக்க சோலார் பலகை நல்லதா, கண்ணாடி வைத்துச் சூடாக்குவது நல்லதா? பசுமை ஹைட்ரஜனுக்கு எது தோது?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: மொராக்கோக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். இரண்டையும் கட்டிப் பார்த்தவர்கள். சஹாரா ஓரம் வார்சாசாத் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர்களுடைய நூர் மின்நிலையம். கண்ணாடி 510 மெகாவாட், பலகை 72 மெகாவாட். கண்ணாடி குவிக்கிற வெயிலின் சூட்டை உருகிய உப்பில் சேமித்து, பொழுது சாய்ந்த பிறகும் ஏழு மணி நேரம் வரை டர்பைன் ஓட்டலாம். பலகையோ அரசு அலுவலகம் மாதிரி, சாயங்காலமானால் இழுத்து மூடிவிடும்!

ஆனாலும் பலகை மலிந்த வேகத்தில் கண்ணாடி மலியவில்லை. போதாக்குறைக்கு 2024-இல் அந்த நிலையத்தின் கண்ணாடிப் பிரிவுகளில் ஒன்றான நூர் 3-இன் உப்புத் தொட்டி ஒழுகி, அந்தப் பிரிவு மாதக்கணக்கில் படுத்துவிட்டது.

ஹைட்ரஜனா? தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். கிடைக்கிற வாயுவில் இருப்பது சுமார் 33 யூனிட், மீதி கமிஷன்! அதனால் மலிவான மின்சாரம்தான் முதல் தேவை. அதில் பலகைக்கே வெற்றி. ஆனால் ராத்திரியில் தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்பு இயந்திரம் சும்மா கிடக்கும், கடன் வட்டி மட்டும் தூங்காது. கூடவே காற்றாலை இருந்தால் தப்பிக்கலாம். மொராக்கோ கடற்கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

என் ஓட்டு: மின்சாரத்துக்குப் பலகையும் பேட்டரியும். ஹைட்ரஜன், மொராக்கோ இன்று இறக்குமதி செய்யும் உர அமோனியாவை அங்கேயே தயாரிக்க மட்டும். ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றுவது அப்புறம்.