மணிமேகலையை எங்கே காணோம்?

பார்ப்பதற்காக இல்லாமல் சரிபார்ப்பதற்காகத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகத் தியேட்டருக்குப் போனது ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோதுதான். 2022 செப்டம்பர் 30 அன்று முதல் பாகம் வெளியானது. “டிவியில போடும்போது பார்த்துக்கலாம்” என்று பல வருஷமாகச் சொல்லிவந்த மாமிகள் முதல் வாரமே டிக்கெட் கேட்டார்கள். முழங்கால் வலிக்காரர்கள் லிஃப்ட் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். விசிலடிக்கத் தயாராக வந்த பையன்கள், பக்கத்து சீட்டில் விபூதிப் பட்டையைப் பார்த்ததும் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். அத்தனை பெரியவர்களும் விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் வீட்டுக் கோஷ்டியில் முதல் மரியாதை பெரியம்மாவுக்கு. 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில், படத்துக்கு மூலமான இந்தத் தொடர்கதை ஆரம்பித்தபோது அவருக்குப் பத்து வயது. 1954 மே மாதம் முடிந்தபோது தாவணி போட ஆரம்பித்திருந்தார். வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பாகம் பாகமாக பைண்டு செய்து வைத்தவர் அவருடைய அப்பா. அந்தத் தொகுப்பு இன்னும் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பைண்டர் கொஞ்சம் தாராளமாகக் கத்தியை ஓட்டிவிட்டதால் சில பக்கங்களில் கடைசி வரி பாதிதான் தெரியும். ஓவியர் மணியம் வரைந்த படங்களுக்குப் பின்பக்கம் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். மணியம் போட்ட குந்தவையின் கொண்டை திரையில் எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்று பார்க்கத்தான் அவர் கிளம்பினார். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தவர் சித்தப்பா. ஓய்வுபெற்ற சார்பதிவாளர். வேலையில் இருந்த காலம் முழுக்க வில்லங்கம் பார்த்தே பழகிய கண். கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கீழேயிருந்து மேலே படித்து, “தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தலையே” என்பார். மூன்றாவது என் மனைவி. நாவலைப் பலமுறை தொடங்கி, வந்தியத்தேவன் கோடிக்கரையில் படகேறும் இடத்தோடு நிறுத்தியவள். அவன் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தானா என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. நாலாவது அக்கா மகன். நாவலின் அட்டையைக்கூடப் புரட்டாதவன். யானையின் தும்பிக்கைமேல் ஏறி நின்று வில்லை வளைக்காத ராஜா அவனுக்கு ராஜாவே இல்லை.

படம் கமல்ஹாசனின் குரலோடும் வால் நட்சத்திரத்தோடும் தொடங்கி, நேராக ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போருக்குள் பாய்ந்தது. ஆதித்த கரிகாலனாக விக்ரம் குதிரையில் வருகிறார். தூசி பறக்கிறது. அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏண்டா, ஆடிப்பெருக்கு எங்கே?”

கேள்வியில் நியாயம் இருந்தது. நாவல், ஆடிப் பதினெட்டு அன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் போவதோடு ஆரம்பிக்கும். படித்தவர்கள் மனசில் அந்த ஏரிக்கரை அவரவர் சொந்த ஊர் ஏரிக்கரையைவிடத் தெளிவாக இருக்கும். அங்கே இறக்கிவிடாமல் போர்க்களத்தில் இறக்கிவிட்டால் கோபம் வரத்தானே செய்யும்? “வரும் பெரியம்மா, பொறுங்க” என்றேன். “வரட்டும்” என்றார், வரிசை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் நிற்கிற குரலில்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு வாளும் வேலும் புழங்குகிற கல்கியின் நாவலில், இரண்டு படை எதிரெதிரே நின்று மோதுகிற பெரும்போர் என்று ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. போரெல்லாம் ஒன்று முன்பே நடந்து முடிந்திருக்கும், அல்லது வரப்போகிறேன் வரப்போகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டிருக்கும். வந்தியத்தேவனின் நிஜமான ஆயுதங்கள் வாயும் அதிர்ஷ்டமும்தான். எங்கே போனாலும் யாருக்கும் தெரியக் கூடாத பேச்சு அவன் காதில் விழுந்துவிடும். மாட்டிக்கொண்டால் ஒரு பொய், அதுவும் போதாவிட்டால் நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரம். சுரங்கப்பாதையும் ஓலையும் கள்ளத்தோணியும் இல்லையென்றால் ஐந்து பாகமும் ஒரே பாகமாகச் சுருங்கிவிடும். இயக்குநர் மணிரத்னம் படத்தின் தலையிலும் வாலிலும் போரை ஒட்டவைத்தார். “இவ்வளவு கம்மியா சண்டை வச்சிருக்காங்களே” என்று அக்கா மகன் குறைப்பட்டான். “இவ்வளவு சண்டை எதுக்கு?” என்று பெரியம்மா குறைப்பட்டார். இருவரும் பார்த்தது ஒரே படத்தை.

படம் ஓடும்போது பெரியம்மா சும்மா இருக்கவில்லை. என் மனைவிக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற கவலையில், ஒவ்வொரு முகம் வரும்போதும் அறிமுகம் செய்துவைத்தார். “இவன் ரவிதாசன், ரொம்பக் கெட்டவன்.” “இந்தக் கட்டைக் குடுமி ஆழ்வார்க்கடியான், நம்ம ஆள்.” முன் சீட்டு இளைஞர் திரும்பி, “பாட்டி, கதையைச் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்” என்றார். “1954-லேயே முடிஞ்ச கதைப்பா இது” என்றார் பெரியம்மா. பதிலில்லாமல் இளைஞர் திரும்பிக்கொண்டார்.

சித்தப்பா வேறு திசையில் வேலையாக இருந்தார். பெரிய பழுவேட்டரையர் உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் உண்டு என்று கல்கி எழுதியிருக்கிறார். அந்த வேஷத்தில் சரத்குமார் வந்ததும் சித்தப்பா எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடிப்பதற்குள் கேமரா நகர்ந்துவிட்டது. ரவிவர்மனின் ஒளிப்பதிவைப் பற்றி உலகமே புகழ்ந்தபோது சித்தப்பா மட்டும் “ஒரு இடத்தில நிக்க மாட்டேங்குது” என்றதற்குக் காரணம் இதுதான்.

முதல் பாகத்தின் முடிவில் நடுக்கடல், புயல், கப்பல் மூழ்குகிறது. அருண்மொழியும் வந்தியத்தேவனும் தண்ணீருக்குள். தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை. அக்கா மகன் பதறிப்போய், “மாமா, ஜெயம் ரவி செத்துட்டாரா?” என்றான்.

சித்தப்பா திரும்பினார். “அருண்மொழிதாண்டா பின்னாடி ராஜராஜன். இப்போ அவன் செத்துட்டா பெரிய கோயிலை யாரு கட்டுறது? உன் அப்பனா?”

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டிலிருந்தே கதையின் முடிவைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. உலகத்தில் எந்த சாகசப் படத்துக்கும் இப்படி ஒரு சங்கடம் இருக்காது. கதாநாயகன் பிழைப்பான் என்பதற்கு 216 அடி உயரத்தில் அத்தாட்சி. கோயிலைப் பற்றி இன்னொரு மனஸ்தாபமும் உண்டு. இடைவேளையில் காபி வரிசையில் ஒருவர், “சோழர் படம் எடுத்துட்டு பெரிய கோயிலைக் காட்டவே இல்லையே” என்று பொருமிக்கொண்டிருந்தார். கதை நடக்கும்போது அதைக் கட்டியவரே பட்டத்துக்கு வரவில்லை. இதை அவரிடம் எடுத்துச் சொன்ன இன்னொருவருக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, காபி ஆறிப்போனது.

வசனம் பற்றிய வழக்கு தனி. சிவாஜி நடித்த ‘ராஜராஜ சோழன்’ படத்தை 1973-ல் பார்த்தவர்களுக்கு ராஜா என்றால் மூச்சுவிடாமல் பேச வேண்டும். ஜெயமோகன் எழுதிய வசனத்தில் ராஜாக்கள் நாலு வார்த்தையோடு நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். “சிம்மாசனத்துக்குச் சண்டை போடறவங்க இவ்வளவு மெதுவாவா பேசுவாங்க? எங்க பாகப்பிரிவினைக்கே நாலு தெரு கேட்டதே!” என்றார் சித்தப்பா. அவர் அலுவலக அனுபவத்தை மறுக்க முடியாது.

இரண்டு பாகத்துக்கும் நடுவே ஏழு மாத இடைவெளி. அதுதான் எங்கள் வீட்டைக் கெடுத்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 2023 ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியில் ஐந்து பாகமும் செங்கல் சூளைபோல அடுக்கியிருந்தார்கள். அக்கா மகன் ஒரு சூளையை வாங்கி வந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் அறையில் விளக்கு எரிந்தது. பொங்கல் கழிவதற்குள் முடித்துவிட்டான். ஏப்ரல் 28 அன்று இரண்டாம் பாகத்துக்குக் கிளம்பியபோது அவன் பெரியம்மாவைவிடப் பெரிய தீவிரவாதி. புதிதாக மதம் மாறியவர்களுக்கு இருக்கிற உக்கிரம்.

படம் முடிந்து வெளியே வந்ததும் பார்க்கிங்கிலேயே ஆரம்பித்துவிட்டான்.

“என்ன மாமா இது! சேந்தன் அமுதன் கடைசிவரைக்கும் பூக்கட்டிக்கிட்டே இருக்கான்! அவன்தானே உண்மையான மதுராந்தகன்? அவனுக்குத்தானே பட்டம்? வரலாறையே மாத்திட்டாரு!”

சித்தப்பாவின் முகத்தில் பணியில் இருந்த காலத்து ஒளி வந்தது. “தம்பி, மூலப் பத்திரம் பார்த்தியா?”

“பார்த்தேனே. அஞ்சு பாகமும்.”

“அது நகல். மூலம் கல்வெட்டு.”

பிறகு சித்தப்பா காரில் சாய்ந்துகொண்டு நடத்திய விசாரணையின் சாரம் இது. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன் மதுராந்தகன்தான் உத்தம சோழன். சுந்தர சோழருக்குப் பிறகு, ராஜராஜன் 985-ல் பட்டத்துக்கு வரும்வரை ஆண்டவன் அவன்தான். பிறந்தபோது குழந்தை மாறிப்போனது, பூக்காரர் குடிசையில் வளர்ந்தது எல்லாம் கல்கி சேர்த்த இடைச்செருகல். கெட்ட மதுராந்தகனிடம் சிம்மாசனத்தைக் கொடுத்தால் வாசகர் சும்மா விடமாட்டார்கள் என்று, கல்கி கெட்டவனை ஓரங்கட்டிவிட்டு நல்லவன் ஒருவனைப் பூந்தோட்டத்திலிருந்து கொண்டுவந்தார். மணிரத்னம் அந்த ஆள்மாறாட்டத்தை எடுத்துவிட்டு, ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே முடி சூட்டினார். ஆக, எந்த இடத்தில் வரலாற்றை மாற்றிவிட்டார் என்று ஊரே குதித்ததோ, அந்த இடத்தில் படம் நாவலைவிட வரலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

“அது மட்டுமில்லை. கண்டராதித்தர் மகன் உயிரோட இருக்கும்போது பட்டம் தம்பி வழிக்குப் போச்சு பாரு, அங்கேயே வில்லங்கம் ஆரம்பம்” என்றார் சித்தப்பா. வாரிசுச் சான்றிதழ் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

அக்கா மகன் விடவில்லை. “சரி, நந்தினி? நந்தினிக்குப் பண்ணினது அநியாயம் இல்லையா? வரலாற்றில—”

“வரலாற்றில நந்தினியே கிடையாது.”

இதைக் கேட்டதும் பையனைவிட அதிகமாக அதிர்ந்தது பக்கத்தில் பைக் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி. அந்த அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்ததைச் சொல்கிறது. அதில் பெண் பெயர் இல்லை, காதல் இல்லை, மீன் சின்னம் போட்ட வாள் இல்லை. நிலம் இருக்கிறது. சித்தப்பாவுக்கு அந்தக் கல்வெட்டின்மேல் அபார மரியாதை வந்ததற்கு அதுவே போதும். ஆனால் நந்தினி இல்லாத சோழ வரலாற்றை இன்று எந்தத் தமிழனிடமும் விற்க முடியாது. கல்கி செய்த வேலை அப்படி.

இத்தனை வாதத்திலும் பெரியம்மா வாய் திறக்கவில்லை. காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுவிட்ட பிறகு கேட்டார்.

“மணிமேகலையை எங்கேடா காணோம்?”

கடம்பூர் மாளிகையில் வளர்கிற பெண். கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன்மேல் ஒருதலையாக ஆசை வைத்து, கடைசியில் அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். நாவல் முடிவதே அவள் சாவோடுதான். படத்தில் அவள் இல்லை. “எடுக்க நேரம் இருந்திருக்காது” என்று நான் வக்காலத்து வாங்கினேன். கணக்கும் சொன்னேன். முந்நூறு அத்தியாயத்துக்குச் சற்றுக் குறைவான நாவல். இரண்டு படமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். அத்தியாயத்துக்கு ஒரு நிமிடம் சொச்சம். ஆழ்வார்க்கடியான் ஒரு சைவரைப் பார்த்துச் சண்டையை ஆரம்பிக்கவே அது போதாது.

“ஒரு நிமிஷம் சொச்சத்தில அவ செத்திருக்கலாமே” என்றார் பெரியம்மா.

என் கட்சி வேறு. மணிமேகலையை விட்டது சரியான முடிவு. அவளைக் கொண்டுவந்தால் அவள் அண்ணனின் அசட்டுத்தனத்தையும் கடம்பூர் வீட்டையும் முழுசாகக் கொண்டுவர வேண்டும். கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் அந்தக் காட்சியின் வேகம் போய்விடும். இரண்டாம் பாகத்தில் எனக்குப் பிடிக்காதது கடைசிப் போர்தான். அது இல்லாமலே கதை முடிந்துவிட்டது. மணிமேகலையை விட்டு மிச்சம் பிடித்த நேரத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்க வேண்டாம். மற்றபடி, குந்தவையும் நந்தினியும் முதல் பாகத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். இதைப் பெரியம்மாவும் ஒப்புக்கொண்டார். கொண்டையும் உயரம் போதுமாம்.

முதல் பாகத்துக்கு நாலு தேசிய விருது வந்தது: சிறந்த தமிழ்ப் படம், ஏ.ஆர்.ரகுமானின் பின்னணி இசை, ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்பு. செய்தியைப் படித்துக் காட்டினேன். பெரியம்மா கேட்டுவிட்டு, “திரைக்கதைக்குக் கொடுக்கலையே?” என்றார். இல்லை என்றேன். “பார்த்தியா, அவங்களும் மணிமேகலையைத் தேடியிருக்காங்க” என்றார்.

இதைப் படிக்கும் இயக்குநர் யாராவது கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ எடுக்கிற யோசனையில் இருந்தால் ஒரு வேண்டுகோள். நாகநந்தியும் புலிகேசியும் இரட்டையர்கள். இரண்டு வேஷத்தையும் ஒரே நடிகர்தான் போட வேண்டும். அந்தப் புத்தகமும் பெரியம்மாவின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.